ஆறாவது தண்ணி

என் மூக்கு செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

போன வருஷம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வீட்டுக்கு ஒருவரைப் பாயில் தள்ளிய விஷக்காய்ச்சல் என்னைப் பதினோரு நாள் வைத்திருந்தது. பிறகு பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டுப் போயிற்று, ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. பன்னிரண்டாம் நாள் என் மனைவி அமீனா பீவி தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். கண்ணைத் திறக்கச் சோம்பல்பட்டு, "என்னா புள்ள, வெறும் கஞ்சிதானா?" என்று கேட்டேன். தட்டில் பொரித்த கருவாடு இருந்தது. தெருமுனையில் போகிறவன் எல்லாம் மூக்கைத் திருப்பிப் பார்த்திருப்பான்.

அவள் உள்ளே போய் ஒவ்வொன்றாக எடுத்துவந்து நீட்டினாள். பெருங்காயம், மண்ணெண்ணெய், அவளுடைய வாப்பா கொடுத்த ரோஜா அத்தர். எல்லாம் எனக்குத் தண்ணீர்தான். கொஞ்ச நேரம் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வியாபாரி மகள் என்பதைக் காட்டினாள்.

"மச்சான், வெளியில ஒருத்தருகிட்டயும் மூச்சு விட்றாதீங்க."

விடமுடியாது. நான் தரகன். கிராம்பு, ஜாதிக்காய், சாம்பிராணி, காப்பிக்கொட்டை என்று மூக்கால் விலை போகிற சரக்குக்கு மட்டும் தரகன். கிள்ளானில் எந்தக் கடையில் மூட்டை பிரித்தாலும், "ஜபருல்லா மோந்து பாத்தாரா?" என்பார்கள். மூக்கு போய்விட்டது என்று ஒரு வாய் சொன்னால் போதும், மறுநாள் என்னை யாரும் உட்காரச் சொல்லமாட்டார்கள். கப்பல்கூலி வேலைக்கு வயதும் இல்லை, முதுகும் இல்லை.

ஆகவே எட்டு மாதம் ஏமாற்றினேன். கிராம்பை நகத்தால் அழுத்தி எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பேன். சாம்பிராணியை உடைத்து உள்ளே வெள்ளைப் பருப்பு மாதிரிக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பேன். பார்க்கிறபோது கண்ணை மூடி நெஞ்சு நிறைய மூச்சிழுப்பது மட்டும் சபைக்காக. கடைசியில், "ஒரு ராத்திரி கூட வச்சிருந்து சொல்றேன்" என்று மாதிரிப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு ரயில் ஏறிவிடுவேன். வீட்டில் அமீனா பீவி முகர்ந்து பார்த்து, இது ஈரத்தில் கிடந்த சரக்கு, இது போன வருஷத்துக் கொட்டை என்று சொல்லுவாள். மறுநாள் அதை என் வாயால் கிள்ளானில் சொல்லுவேன். ஒரு தடவையும் தப்பியதில்லை. எனக்கு மூக்கு இருந்த காலத்தைப் பற்றி அப்படிச் சொல்லமுடியாது.

இந்த நிலைமையில்தான், அண்ணன் என்ற மரியாதையில் நான் நானா என்று கூப்பிடும் சனாவுல்லா ஆள் அனுப்பினார்.

கிள்ளானில் தோட்டங்களுக்குச் சாமான் அனுப்பும் கடை அவருடையது. என் வேலையில் பாதி அவர் கொடுப்பது. அன்றைக்கு அவர் என்னை வாசலுக்கே வந்து வரவேற்றார். எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்தது. சனாவுல்லா நானா வாசலுக்கு வருவது சுங்க அதிகாரிக்கு மட்டும்.

"வா ஜபரு. சுமத்ரா மேடான்ல ஒரு பெரிய சீனக்கடைல பழைய ஊலாங் தேயிலை கேட்டிருக்கான். நம்ம படகுல அனுப்பிச்சுடலாம். இங்க சீன மொதலாளி ஆ செங் தவுக்கே கையில இருக்குதாம். நீ வந்து பாத்துச் சொல்லணும்."

"தேயிலையா? நான் தேயிலை பாத்ததில்லையே, நானா."

"மூக்குக்கு என்னா, தேயிலைன்னும் கிராம்புன்னும் தெரியவா போகுது?" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"மாதிரி வாங்கிக் குடுங்க. ஒரு ராத்திரி வச்சிருந்து..."

"அதெல்லாம் இல்ல. அங்கயே உக்காந்து, அங்கயே குடிச்சு, அங்கயே சொல்லணும். ராத்திரி வச்சிருந்து நீ யாருகிட்ட காட்டுறே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். இது தேயிலைப் பரீட்சை அல்ல, ஜபருல்லா பரீட்சை.

ஆ செங் தவுக்கேயின் கடை ஆற்றோரத் தெருவில். தாழ்ந்த மேசை, முக்காலிகள், தரையில் சிவந்து கிடக்கும் கரி அடுப்பு, அதன்மேல் ஆவி விடும் கெண்டி. எங்களுக்கு முன்னால் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். ஒல்லி ஆள், தலையில் தொப்பி. கோலாலம்பூரிலிருந்து வந்த தன் சிநேகிதர், தேயிலை குடிக்க வந்திருக்கிறார் என்று தவுக்கே சந்தையில் பேசும் பாசார் மலாயில் சொன்னார்.

"தேத்தண்ணி குடிக்க ரயிலேறி வருவானா ஒருத்தன்?" என்று நானா தமிழில் என் காதில் சொன்னார். "போட்டிக்கு உக்கார வச்சிருக்கான்."

எனக்கு வேறு கணக்கு. நானாதான் இந்த ஆளை உட்கார வைத்திருக்கிறார். நான் எதையாவது உளறினால் இது தப்பு என்று சொல்ல விஷயம் தெரிந்த ஒருவன் வேண்டுமே.

தவுக்கே ஒரு மண் ஜாடியின் வாய்த்துணியை அவிழ்த்தார். ஜாடியின்மேல் ஒட்டிய காகிதத்தில் ஒரு வெள்ளைப் பூப் படம். உள்ளே இருந்தது கறுத்துச் சுருண்ட இலை, காய்ந்த அட்டை மாதிரி.

"பதினெட்டு வருஷம்," என்றார் தவுக்கே பெருமையாக. "எங்க அப்பா வாங்கி வச்சது. வருஷத்துக்கு ஒரு தரம் கரியில சூடு காட்டி மறுபடி மூடுவோம்."

நானா என் தொடையில் கிள்ளினார். "பதினெட்டு வருஷம் விக்காத சரக்கு. அதையும் வெக்கமில்லாம சொல்றான் பாரு."

எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சின்னக் கூஜா. அது நிறைய இலையைத் திணித்துக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார் தவுக்கே. ஊற்றிய கையோடு அந்தத் தண்ணீரை எடுத்து மேசையில் இருந்த தட்டில் கொட்டிவிட்டார்.

நானா பதறிப்போனார். "மொத டிக்காஷன கொட்டிட்டானே! நல்லதெல்லாம் அதுலதானே இருக்கும்? நமக்குத் தெரியக்கூடாதுன்னு எதையோ கழுவுறான்."

"கழுவணும்னா நம்ம வர்றதுக்கு முன்னாடியே கழுவியிருக்க மாட்டானா, நானா?" என்றேன்.

"அதான் எனக்கும் புரியல," என்றார். புரியாத விஷயம் அவருக்கு ஏமாற்று. எங்கள் இருவரையும் வளர்த்த கடைகள் அப்படி.

இரண்டாவது தண்ணீரைத்தான் குடிக்கக் கொடுத்தார். பொம்மைக்கு வைக்கிற மாதிரிக் கிண்ணம், மூன்று உறிஞ்சில் தீர்ந்துபோகும். கோலாலம்பூர்க்காரருக்கு ஊற்றும்போது அந்த ஆள் வாய் திறக்கவில்லை. இரண்டு விரலை மடக்கி மேசையில் டக் டக் என்று தட்டினார்.

நானாவும் நானும் ஒரே சமயத்தில் அந்த விரல்களைப் பார்த்தோம். எங்கள் ஆட்கள் விலையை வாயால் பேசமாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, அடியில் கைபிடித்து, விரலால்தான் பேசுவார்கள். முழு விரலைப் பிடித்தால் பத்து, நுனியைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் பேரம் முடிந்தது. சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை துண்டுக்கு வெளியே வராது. இந்த ஆள் பட்டப்பகலில், மேசைமேல், துண்டும் இல்லாமல் விலை சொல்லிக்கொண்டிருக்கிறான்!

"ரெண்டு," என்றார் நானா உதடு அசையாமல். "என்னா ரெண்டு?"

"தெரியல. நம்ம ரெண்டு பேரையும் சொல்றானோ என்னமோ."

தவுக்கே எங்கள் பக்கம் திரும்பினார். "என்ன வாசனை வருது?"

நானா என்னைப் பார்த்தார். நான் நானாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஏதாவது தெரிந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம் என்பது என் உத்தி. அவர் முகமோ என் முகத்தை விட்டு நகரவில்லை. கிண்ணத்தை மூக்கடியில் பிடித்துக் கண்ணை மூடினேன். வெந்நீர் ஆவி மூக்கில் சுட்டது, அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது எதிரே ஜாடிக் காகிதத்து வெள்ளைப் பூ தெரிந்தது.

"பூ," என்றேன்.

"அதே!" என்றார் நானா, தொடையில் தட்டி. "பூ வாசனைதான். நானும் அதத்தான் நெனச்சேன்."

தவுக்கே கோலாலம்பூர்க்காரரைப் பார்த்தார். அவர் தொப்பியைக் கொஞ்சம் தள்ளிவிட்டுக்கொண்டார்.

அதே இலையின்மேல் மறுபடியும் தண்ணீர் ஊற்றப்பட்டது. நம் வீட்டில் வந்த விருந்தாளிக்குப் பழைய இலையில் இரண்டாம் தடவை தண்ணீர் ஊற்றிக் கொடுத்தால், அவன் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவான். "கஞ்சத்தனத்துல பட்டம் வாங்கினவன்," என்று நானா முனகினார். ஆனால் குடித்தார். டக் டக் என்றது கோலாலம்பூர்க்காரரின் விரல்.

"இப்ப எப்பிடி?" என்று நானா என்னைக் கேட்டார்.

அவர் கேட்ட விதத்தில் ஒரு அவசரம் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. தூண்டிலில் புழுவைக் குத்திப் போடுகிறவனுக்குத்தான் அந்த அவசரம் வரும்.

"மொதல்ல நீங்க சொல்லுங்க, நானா. பெரியவங்க."

"நான் என்னா சொல்றது? ஒன்ன எதுக்குக் கூட்டியாந்தேன்?"

"பூவுல ஒரு மாத்தம் தெரியுதுல்ல?"

"தெரியுது, தெரியுது. என்னா மாத்தம்?"

"மொத கிண்ணத்துல மல்லிகை. இப்ப ரோஜா பக்கம் சாயுது."

"சாயுது," என்றார் தலையை ஆட்டி. "நல்லாவே சாயுது."

நான் எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்கிறார். இன்னும் ஆழத்துக்குப் போகட்டும், பிறகு மூடியைப் போடலாம் என்று காத்திருக்கிறார். முதுகில் வேர்த்தது. நாலாவது தண்ணீரில் தாழம்பூ என்று சொன்னேன். அதற்கும் ஆமாம் போட்டார். தவுக்கே இப்போது எங்களை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தார். யார் வீட்டிலோ நுழைந்து சாமான்களுக்குப் பேர் மாற்றிச் சொல்கிறவர்களைப் பார்ப்பதுபோல.

ஐந்தாவது தண்ணீரில் ஒன்று நடந்தது.

காய்ச்சலுக்குப் பிறகு என் நாக்குக்கு உப்பு, புளிப்பு, உறைப்பு, இனிப்பு, கசப்பு, துவர்ப்பு என்று ஆறே விஷயம்தான் தெரியும். மற்றதெல்லாம் மூக்கோடு போய்விட்டது. முதல் கிண்ணங்களில் கசப்பும் நாக்கை இழுக்கும் துவர்ப்பும்தான் கண்டேன். இந்தத் தடவை கசப்பு இல்லை. விழுங்கினேன். விழுங்கிய பிறகு, எல்லாம் உள்ளே போய்விட்ட பிறகு, தொண்டையில் ஒரு இனிப்பு மெதுவாக எழும்பிவந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. சர்க்கரை போடாத தண்ணீரில் இனிப்பு எப்படி வரும்? கூஜாவைப் பார்த்தேன், தவுக்கேயின் கைகளைப் பார்த்தேன். எதையும் கலந்ததாகத் தெரியவில்லை.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக வாயில் வைத்த ஒன்று எனக்கு ஏதோ சொல்லியது. அதைச் சொல்லலாமா என்று நினைத்து அடக்கிக்கொண்டேன். மூக்குத் தரகனைக் கூட்டிவந்தால் அவன் தொண்டையைப் பற்றிப் பேசுகிறானே என்று நானா பிடித்துக்கொள்வார்.

ஆறாவது தண்ணீர் ஊற்றியபோது நானாவுக்குப் பொறுமை போய்விட்டது. தோளில் கிடந்த நீளத் துண்டை எடுத்து உதறி எங்கள் இருவர் மடிமேலும் விரித்தார். அதன் அடியில் கையை நீட்டினார். இந்தச் சரக்குக்கு எவ்வளவு கொடுக்கலாம், சொல் என்று அர்த்தம். அவர் கை ஈரமாக இருந்தது. இவருக்கு எதற்கு வேர்க்கிறது என்று யோசித்தேன்.

நான் உடனே விரலைப் பிடிக்கவில்லை. எதிரே கோலாலம்பூர்க்காரர் திடீரென்று மூக்கைச் சுளித்தார். தவுக்கேயும் மூக்கை உறிஞ்சி, கூஜாவின் மூடியைத் திறந்து உள்ளே முகர்ந்து பார்த்தார்.

"பாத்தீங்களா?" என்றேன் மெல்ல. "வாங்க வந்தவன் மொகத்தச் சுளிச்சுச் சரக்கக் கொற சொல்றான். இவன் ஒடனே மோந்து பாத்து நடிக்கிறான். நம்ம முன்னாடி நாடகம் ஆடுறானுங்க."

"ஆடட்டும். நீ வாசனையச் சொல்லு. கடைசியா."

"மல்லிகை திரும்பி வந்துருச்சு, நானா. மொத கிண்ணத்த விட இப்பத்தான் தூக்கல்."

"அதே, அதே! கடையே மணக்குது!"

"ஆப்பி!" என்று கத்தினார் தவுக்கே. "ஆப்பி! ஆப்பி!"

ஆப்பி என்றால் நெருப்பு. கோலாலம்பூர்க்காரர் பாய்ந்து வந்து எங்கள் மடியிலிருந்து துண்டைப் பிடுங்கினார். அதன் ஒரு முனை நானாவின் முக்காலிப் பக்கம் தொங்கிக் கரி அடுப்புக்குள் கிடந்திருக்கிறது. முழங்கை நீளத்துக்குக் கறுத்து, ஓரம் சிவப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. புகை கெண்டியின் ஆவியோடு கலந்து போயிருந்ததால் கண்ணில் படவில்லை. நானாவின் கைலியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. தவுக்கே ஆறாவது தண்ணீரைக் கூஜாவோடு துண்டின்மேலும் கைலிமேலும் கவிழ்த்தார்.

நான் நானாவைப் பார்த்தேன். பருத்தித் துணி கருகினால் அடுத்த தெருவுக்கு நாறும். இவருடைய மடியிலேயே கருகியிருக்கிறது. இவர் கடையே மணக்குது என்கிறார்.

அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"எப்பேர்ந்து, நானா?"

"அதே காய்ச்சல்தான். எனக்கு ஒன்பது நாள்." கைலியைப் பிழிந்தார். "அதுக்கப்புறம் ஒன் மூக்க நம்பித்தான்டா நான் கடையே நடத்துறேன்! நீ ராத்திரி வச்சிருந்து சொல்றேன்னு பொட்டலத்தத் தூக்கிட்டுப் போறப்பல்லாம், வேற எவனுக்கோ காட்டி வெல பேசுறியோன்னு சந்தேகம். அதான் இங்கயே சொல்லுன்னேன்."

"நீங்க என்னைய மாட்ட வைக்கிறீங்கன்னு நெனச்சேன்."

"நீ சொன்னதுக்கெல்லாம் ஆமான்னேனேடா. மாட்ட வைக்கிறவன் ஆமாம்பானா?"

தவுக்கேவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. அவர் மூக்கைத் தொட்டுக் காட்டினார். நாங்கள் இருவரும் தலையை ஆட்டினோம். அவ்வளவுதான், முக்காலியில் மடங்கி உட்கார்ந்து சிரித்தார். "என் தேத்தண்ணியில பூவே கிடையாது," என்றார் மூச்சு வாங்க. "பழைய மரம், காஞ்ச ப்ளம் பழம், மருந்துக்கடை. அதுதான் வாசனை. மல்லி, ரோஜான்னீங்க. ரெண்டு பேரும் பெரிய திருடனுங்க, விலையைக் குறைக்க ஏதோ புது வித்தை காட்டுறீங்கன்னு நாங்க பயந்துட்டோம்."

கூஜாவை எடுத்து, உள்ளே இறுகிக் கிடந்த அதே இலையின்மேல் ஏழாவது தண்ணீரை ஊற்றினார். இந்தத் தடவை கோலாலம்பூர்க்காரர் எங்கள் கிண்ணங்களை நிரப்பினார். தவுக்கேயின் கிண்ணத்தை நிரப்பியபோது தவுக்கேயும் இரண்டு விரலால் டக் டக் என்று தட்டினார். என்ன விலை அது என்று கேட்டேன். விலை இல்லை, ஊற்றினவருக்கு நன்றி சொல்வது என்றார்.

குடித்தேன். இனிப்பு மறுபடி எழும்பி வந்தது. ஒளிக்க இனி எதுவும் இல்லாததால் சொன்னேன்.

"நானா, மூக்கு கெடக்கட்டும். தொண்டையில ஒண்ணு தெரியுதா?"

"அஞ்சாவது தண்ணிலேர்ந்து தெரியுது," என்றார். "பைத்தியம்பியேன்னு சொல்லல."

மலாயில் தவுக்கேயிடம் கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எங்களை மரியாதையாகப் பார்த்தார். "அதுதான் சரக்கு," என்றார். "வாசனைக்குக் காசு கொடுக்கிறவன் சின்ன ஆளு."

நானா நனைந்து கருகிய துண்டை மறுபடி எடுத்து மடியில் விரித்தார். அதன் கருகிய ஓட்டை வழியாக எங்கள் கைகள் வெளியே தெரிந்தன. அதைப் பற்றிக் கவலைப்படாமல் என் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தார். எந்த விலைக்கு என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் வாயைத் திறந்தால் என் பிழைப்புப் போகும், நான் வாயைத் திறந்தால் அவர் கடை போகும். அந்தப் பேரம் முடிந்தது.

எழுந்திருக்கும்போதுதான் அவருக்கு அது தோன்றியது. "ஏன்டா ஜபரு. எட்டு மாசமா ஒண்ணு விடாம சரியாச் சொன்னியே. அது யாரு மூக்கு?"

மறைத்துப் பார்த்தேன். முடியவில்லை. "எங்க வூட்ல."

"மேடான்காரன் மோந்து பாக்காம வாங்க மாட்டான். கொஞ்சம் எலைய மடியில கட்டிக்க," என்றார். "நான் இந்தத் தொண்டைய மட்டும் நம்பி படகு அனுப்ப மாட்டேன்."

பொழுது சாய வீடு வந்தேன். படியில் கால் வைக்குமுன் உள்ளிருந்து குரல் வந்தது. "யாரு துணி கருகுச்சு?" எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. பிறகு பொட்டலத்தைப் பிரித்து வெகுநேரம் முகர்ந்தாள். "பழைய மரப்பெட்டி. உள்ள புளிப்புப் பழம் ஏதோ காஞ்சு கெடக்கு. சுத்தமான சரக்கு, மச்சான். வாங்கச் சொல்லுங்க." தவுக்கே சொன்ன வாசனையை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

மேடானுக்கு அந்தத் தேயிலை போயிற்று, மறுபடியும் கேட்டு ஆள் வந்தது. இப்போதெல்லாம் கிள்ளானிலிருந்து வாரம் ஒரு மாதிரிப் பொட்டலம் வருகிறது. அதன்மேல் என் பேர் இல்லை. 'அமீனா பீவி அவர்களுக்கு' என்று நானா தன் கையாலேயே எழுதுகிறார். பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவனாக என்னை வைத்திருக்கிறார்கள், பிழைப்புப் போகவில்லை.

ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. அவள் முகர்ந்துவிட்டு நல்ல கிராம்பு என்கிறாள், மட்டம் என்கிறாள். சரிதானா என்று பார்க்க என்னிடம் எதுவும் இல்லை. நானாவிடமும் இல்லை. ஆகவே அவள் பொட்டலத்தைப் பிரிக்கும்போது நான் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்க்கிறேன். வியாபாரி மகள். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.